ஏமாற்றத்தின் நியாயம்

சந்தையில் வாங்கிய மாம்பழம் உள்ளே அழுகியிருந்தால் கடைக்காரனை ஏசுகிறோம். அடுத்த முறை வேறு கடைக்குப் போகிறோம். விடயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், பல ஆண்டுகளாக நாம் விரும்பித் தொடர்ந்துவந்த கதையொன்று, ஒரு நாள், தான் இதுவரை சொல்லிவந்ததற்கு மாறான ஒன்றைச் சொல்லிவிட்டால், நாம் அவ்வளவு இலகுவில் விலகிப் போவதில்லை. கண்டவரிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசுகிறோம். நெருங்கிய நண்பன் ஒருவன் நீதிமன்றத்திற் பொய்ச்சாட்சி சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டவர்போல் மனம் புழுங்குகிறோம். இவ்விரு ஏமாற்றங்களும் ஒரே தன்மையனவா? இரண்டாவது ஏமாற்றத்துக்கு ஏதேனும் நியாயம் உண்டா? அன்றி அதுவும், கொடுத்த காசுக்குச் சரக்குச் சரியில்லை என்னும் முறைப்பாட்டின் இன்னொரு வடிவந்தானா?

பொழுதுபோக்குக்கென ஆக்கப்பட்ட கதையொன்றை இவ்வளவு தூரம் பொருட்படுத்துவது சிறுபிள்ளைத்தனம் என்று கூறும் அறிஞர் நம்மிடையே உளர். அவர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. கோடிக்கணக்கானோர் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்ப்பதை ஆராயத் தகாததென ஒதுக்குவது இலக்கிய உயர்வாகாது, அது சோம்பல். ஆயினும் வெறுங் கோட்பாடாகப் பேசுவதிற் பயனில்லை. உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், பிரித்தானியாவின் பி. பி. சி. தொலைக்காட்சியில் 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் ஆரம்பமாயிற்று. நீலநிறப் பொலிஸ் பெட்டியொன்றில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒரு நாடோடியின் கதை அது. 1966இல் முதல் நடிகர் வில்லியம் ஹார்ட்னல் விலகவேண்டியிருந்தபோது, கதாநாயகன் உடல் மாறிப் புதிய மனிதனாகிறான் என்றோர் உபாயத்தைக் கண்டனர். அதனால் தொடர் நடிகர் ஒருவரின் ஆயுளோடு முடிந்துவிடவில்லை. 1989இல் நிறுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. இந்நாடோடியிடம் படைக்கலமில்லை. சென்ற இடத்தில் எவர் மிதிக்கப்படுகிறாரோ அவர் பக்கம் நிற்பதே அவரது வழக்கம். தொடரின் பெரும் பகைவரான டாலெக்குகளைப் படைத்த டெரி நேஷன், நாசிகளை மனத்திற்கொண்டே அவற்றைப் படைத்தார்.

இத்தொடரின் இரசிகர் சாதாரணப் பார்வையாளரல்லர். அறுபதுகளின் ஒளிப்பதிவுகள் பலவற்றைக் கூட்டுத்தாபனமே, இனிப் பயனில்லையென்று கருதி அழித்துவிட்டது. ஆனால், காணாமற்போன பகுதிகளுள் ஒன்றின் ஒலியேனும் அழியவில்லை. வீட்டிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்து வாரந்தோறும் பதிவு செய்த சில இளைஞரின் நாடாக்களில் அவை தப்பிப் பிழைத்தன. உரிமையாளர் குப்பையென எறிந்ததைச் சுவைஞர் காப்பாற்றினர். அப்படியானால் அக்கதை யாருடையது? சட்டம் ஒன்று சொல்லும். நியாயம் வேறொன்று சொல்லும். நமது கூத்துக் களரியிலும் இதைக் காணலாம். கதை முழுவதையும் அறிந்த கிழவர் ஒருவர் முன்வரிசையிற் குந்தியிருந்து, அண்ணாவியார் ஓரடியைத் தவறவிட்டால் முகஞ்சுளிக்கிறார். அம்முகச்சுளிப்பு வாடிக்கையாளனுடையதன்று.

எனினும், இரசிகரின் ஏமாற்றம் எப்போதும் நேர்மையானதென்று நாம் வாதிக்கப்போவதில்லை. 1976இல் இத்தொடருக்கென இரசிகர் சங்கமொன்று தோன்றியது. அதே ஆண்டு றொபேர்ட் ஹோம்ஸ் எழுதிய 'கொடிய கொலைஞன்' என்னுங் கதை ஒளிபரப்பாயிற்று. கதாநாயகனின் இனத்தவரான காலப் பிரபுக்கள் அதுவரை தேவர்களைப்போல் எட்டாத உயரத்தில் இருந்தவர்கள். ஹோம்ஸ் அவர்களை மூட்டுவலியுள்ள கிழட்டு அரசியல்வாதிகளாகவும், உண்மையைத் திருத்தி எழுதும் சூழ்ச்சிக்காரர்களாகவும் காட்டினார். சங்கத்தின் தலைவர் வெகுண்டெழுந்து கடுங் கண்டனம் எழுதினார். இன்று அக்கதை தொடரின் தலைசிறந்த கதைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. தேவர்கள் தேவர்களாகவே இருக்கவேண்டும் என்ற ஏமாற்றம் அது. கோயிற் சிலைக்குப் பின்னால் எலி ஓடியதைக் கண்ட பக்தனின் கோபம்போன்றது.

பத்தாண்டுகளின் பின், 1986இல், பதினாறு வயது இரசிகன் ஒருவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் தோன்றி, அவ்வாண்டுக் கதைகள் நன்றாக எழுதப்படவில்லை என எழுத்தாளரின் முன்னிலையிலேயே குறை கூறினான். கிறிஸ் சிப்னல் என்பது அவன் பெயர். 2018இல் அத்தொடரின் பிரதம எழுத்தாளராகப் பொறுப்பேற்றவர் அதே கிறிஸ் சிப்னல்தான். காலம் சில வேளைகளில் எழுத்தாளரைவிடச் சாதுரியமாகக் கதை கட்டுகிறது.

அவர் பொறுப்பேற்ற முதலாண்டில், 2018 நவம்பர் 18இல், பீற் மக்ரை எழுதிய 'கெர்ப்ளாம்!' என்னும் பகுதி ஒளிபரப்பாயிற்று. நாம் பேசவந்தது இதைப்பற்றியே.

கெர்ப்ளாம் என்பது அண்டமெங்கும் பொருள் விற்கும் மாபெரும் நிறுவனம். கந்தோக்கா என்னும் உலகத்தின் சந்திரன் முழுவதும் அதன் பண்டகசாலை. பொருளைத் தேடி எடுப்பதும், பொதி செய்வதும், வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்ப்பதும் பெரும்பாலும் இயந்திரங்களே. பத்திலொரு பங்கு மனிதராக இருக்கவேண்டும் என்ற சட்டத்தினாற் பதினாயிரம் மனிதர் அங்கு வேலை செய்கின்றனர். அவர்களின் காலிற் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டிருக்கிறது. சற்று நின்று பேசினால் இயந்திரமனிதன் புன்னகை மாறாத முகத்துடன் வந்து எச்சரிக்கிறது. டான் என்ற தொழிலாளி தன் மகளின் படிப்புச் செலவுக்காக அங்கு கிடக்கிறார். அவளைக் காண்பது ஆண்டில் இருமுறைதான். கீரா என்ற பெண், வாழ்நாளில் ஒரேயொரு முறை தனக்கு ஒரு பரிசுப்பொதி கிடைத்ததைப் பெரும்பேறாக நினைவுகூருகிறாள். இக்காட்சிகள் நன்றாக அமைந்துள்ளன என்பதை மறைப்பதற்கில்லை. அமேசன் முதலிய நிறுவனங்களின் பண்டகசாலைகள் பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருந்த எவருக்கும் எதைக் கண்ணாடியிற் காட்டுகிறார்கள் என்பது உடனே புரிந்திருக்கும்.

டொக்டருக்கு வந்த பொதியொன்றிற் துருக்கித் தொப்பி ஒன்றும், உதவி கோரும் சீட்டொன்றும் இருக்கின்றன. அவரும் நண்பர்களும் தொழிலாளராக வேடம்பூண்டு உள்ளே நுழைகின்றனர். தொழிலாளர் சிலர் காணாமற் போய்க்கொண்டிருக்கின்றனர். யார் குற்றவாளி? முகாமையாளரா? எல்லாவற்றையும் இயக்கும் கணிப்பொறியாகிய 'அமைப்பு' எனப்படுவதா? இல்லை, குற்றவாளி சார்லி என்னும் துப்புரவுத் தொழிலாளி. இயந்திரங்கள் மனிதரின் வேலையைப் பறித்துவிட்டன என்ற ஆத்திரத்தில், பொதிகளிற் சுற்றப்படும் குமிழித்தாள்களில் வெடிமருந்தை நிரப்பி, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரைக் கொன்று, பழியை இயந்திரங்களின்மேற் போட அவன் திட்டமிட்டிருக்கிறான். உதவி கோரிச் சீட்டனுப்பியது அமைப்புத்தான். அதற்கு மனச்சாட்சி இருக்கிறதாம்! டொக்டர் தீர்ப்பும் கூறுகிறார்: பிழை அமைப்புகளில் இல்லை, அவற்றைப் பயன்படுத்தும் மனிதரிலேயே உள்ளது என்பது அத்தீர்ப்பின் சாரம். வெடிகள் பண்டகசாலைக்குள்ளேயே வெடிக்கின்றன. விலக மறுத்த சார்லி மாண்டுபோகிறான்.

இரசிகரிற் பலர் நொந்துபோனது இவ்விடத்திலேயே. பாராட்டியோரும் இருந்தனர், கதை விறுவிறுப்பாகச் சென்றது, திருப்பம் எதிர்பாராதது என்றனர். நொந்தவர் கூறியவற்றுள் நமக்கு மிகவும் வலுவுள்ளதாய்த் தோன்றுவது கீரா பற்றியது. தான் செய்யப்போகும் கொலைகளின் துயரம் எத்தகையது என்பதைச் சார்லி உணரவேண்டுமென்பதற்காக, அவன் நேசித்த கீராவை அமைப்பே கொல்கிறது. அவளுக்கு இரண்டாவது பரிசுப்பொதி கிடைக்கிறது, ஆவலோடு குமிழியை அழுத்துகிறாள், அவ்வளவுதான். எவருக்கும் தீங்கு நினையாத பெண்ணொருத்தி, ஒருவனுக்குப் பாடம் புகட்டும் கருவியாகக் கொல்லப்படுகிறாள். இக்கொலைக்கு அமைப்பிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை. அமைப்பிற் பிழையில்லை என்ற தீர்ப்போ அவள் இறந்த கையோடு வழங்கப்படுகிறது. சார்லி கொன்றால் அது கொலை. அமைப்புக் கொன்றால் அது உபதேசம்.

மாணவரின் கட்டுரைகளைத் திருத்துவதை வாழ்க்கையாகக் கொண்ட நமக்கு ஓர் அனுபவம் உண்டு. எழுதியவன் தான் நம்பாததை நிறுவ முயலும்போது வசனம் எங்கோ ஓரிடத்திற் குழம்பிவிடும். கெர்ப்ளாமின் குழப்பமும் அத்தகையது. முதல் முப்பது நிமிடம் கண்ட காலிற் பூட்டிய கருவியும், தகப்பனைக் காணாத மகளும், புன்னகைக்கும் எச்சரிக்கையும் யாருடைய துர்ப்பிரயோகத்தால் வந்தவை? சார்லி வேலைக்கு வருமுன்பே அவை அங்கிருந்தன. அவன் இறந்தபின்பும் இருக்கும். கத்தி நல்லது, குத்தியவன் கெட்டவன் என்ற வாதம் கத்திக்குப் பொருந்தலாம். யார் எவ்வளவு நேரம் நடக்கவேண்டும், எத்தனை நொடி பேசலாம், ஆண்டில் எத்தனை நாள் பிள்ளையைக் காணலாம் என்று விதிக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு அது பொருந்தாது. அவ்வேற்பாட்டில் மனிதர் அதைப் 'பயன்படுத்துவது' என்பதே நடப்பதில்லை. அதுவே மனிதரைப் பயன்படுத்துகிறது. முகாமையாளராக வரும் இருவரும் நல்லவர்கள், இரக்கமுள்ளவர்கள். அவர்களின் நல்லியல்பு கீராவையும் காக்கவில்லை, டானையும் காக்கவில்லை. இதைக் கதையே காட்டுகிறது. காட்டிவிட்டுத் தான் காட்டியதைக் காணாமற் போகிறது.

மாற்றுத்தரப்பின் வாதம் ஒன்றை நாம் மதிக்கவே வேண்டும். குற்றமற்ற ஆயிரக்கணக்கானோரைக் கொல்ல முயன்றவனை டொக்டர் ஆதரித்திருக்கவேண்டுமா? ஒருபோதுமில்லை. சார்லியைத் தடுத்தது சரி. அவனுடைய வழி ஈனமானது. அவனுடைய வாடிக்கையாளரும் பெரும்பாலும் அவனைப்போன்ற எளியவர்களே. ஆனால், சார்லியின் கையில் வெடியைக் கொடுத்தவர் யார்? பதினாயிரம் தொழிலாளருள் இந்த ஏற்பாடு அநீதியானது என்று எதிர்த்தெழும் ஒரேயொருவன் கொலைகாரனாகவும் இருக்கவேண்டும் என்பது இயற்கையின் விதியன்று, எழுத்தாளரின் தெரிவு. தடுத்த பின்பாவது, அவன் கேட்ட கேள்வி பிழையன்று, அவன் கண்ட விடையே பிழை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அது சொல்லப்படவில்லை.

அத்தொடரால் அப்படிச் சொல்ல முடியாது என்பதுமில்லை. பதினெட்டு மாதங்களுக்கு முன், 2017 மே 13இல், ஜேமி மதீசன் எழுதிய 'ஒட்சிசன்' ஒளிபரப்பாயிற்று. அங்கே நிறுவனம் தொழிலாளருக்கு மூச்சுக்காற்றை அளந்து விற்கிறது. ஆதாயம் குறைந்தபோது அவர்களைக் கொன்றுவிடும்படி அவர்கள் அணிந்த உடைகளுக்கே கட்டளையிடுகிறது. டொக்டர் என்ன செய்கிறார்? தொழிலாளர் இறந்தால் நிலையம் முழுவதுமே வெடித்துச் சிதறும்படி செய்து, அவர்களின் மரணம் உயிரைவிட அதிக நட்டம் தரும் என்றாக்குகிறார். கணக்கு மாறியவுடன், கொல்லவந்த உடைகளே மூச்சுக்காற்றைக் கொடுக்கின்றன. ஏற்பாட்டின் தர்க்கம் எதுவென்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய பொருளியற் பாடத்தை நாம் அதிகம் கண்டதில்லை.

இன்னும் பின்னோக்கினால், 1977இல் அதே றொபேர்ட் ஹோம்ஸ் எழுதிய 'சூரியனை ஆக்குவோர்' இருக்கிறது. புளூட்டோவிலே செயற்கைச் சூரியன்களின் கீழ் வாழும் மக்களை வரியாலும் வட்டியாலும் பிழிந்தெடுக்கிறது ஒரு கம்பனி. தகப்பனின் மரணவரியைக் கட்ட வழியின்றி உயிர்விட நினைத்த தொழிலாளி ஒருவனைக் காப்பாற்றுவதில் ஆரம்பிக்கும் கதை, மக்களின் எழுச்சியில் முடிகிறது. வேடிக்கை என்னவெனில், ஹோம்ஸ் இதை எழுதியது வருமானவரிக் கந்தோரின்மேல் தனக்கிருந்த எரிச்சலில்! எழுத்தாளரின் நோக்கம் ஒன்று, எழுத்தின் விளைவு இன்னொன்று. நமக்குச் சங்கடமான இடமும் அக்கதையில் உண்டு. எழுச்சியின்போது வரி சேகரிக்கும் அதிகாரியைக் கூட்டத்தினர் கூரையிலிருந்து தூக்கி எறிந்து ஆரவாரிக்கின்றனர். சார்லியின் கொலைத்திட்டத்தை வெறுக்கும் நாம், அந்த ஆரவாரத்தைப் பார்க்கையிற் சிரித்திருக்கிறோம். கீராவின் பொருட்டு அமைப்பிடம் கணக்குக் கேட்பவர் அந்த அதிகாரியின் பொருட்டும் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நாம் கேட்டுப் பார்த்தோம். திருப்தியான விடை இன்னும் கிடைக்கவில்லை.

2018ஆம் ஆண்டு இரசிகரின் நிலையை இக்கட்டாக்கியது வேறொன்று. அவ்வாண்டிலேயே முதன்முதலாக ஒரு பெண், ஜோடி விற்ரேக்கர், டொக்டராக நடித்தார். அவருடைய துணைவருள் ஒருவன் கறுப்பின இளைஞன். இன்னொருத்தி பாக்கிஸ்தானிய வம்சாவளிப் பெண். இதனாலேயே தொடரைத் தூற்றத் துடித்தவர் பலர். அவர்களுக்கு எந்தப் பகுதியும் பிடிக்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே பிடிக்கவில்லை. அதேவேளை, அவ்வாண்டின் நல்ல பகுதிகள் துணிச்சலானவை. நவம்பர் 11இல், கெர்ப்ளாமுக்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன், வினய் பட்டேல் எழுதிய 'பஞ்சாப்பின் பிசாசுகள்', 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஒரு குடும்பம் சிதைவதைப் பிரித்தானியச் சிறுவர்களுக்குக் காட்டியது. இந்நிலையிற் கெர்ப்ளாமைக் குறைகூறினால் அது தூற்றுவோருக்கு ஆயுதமாகிவிடாதா? சும்மா இருந்துவிடலாமே என்று எண்ணியவரும் இருந்திருப்பர்.

இச்சங்கடம் நமக்குப் புதியதன்று. நம் பக்கத்தவர் தவறு செய்யும்போது, எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதற்காக வாய்பொத்தியிருக்கும் பழக்கத்தைக் கூட்டங்களிலும் சங்கங்களிலும் நாம் வேண்டிய அளவு கண்டிருக்கிறோம். அது அப்போதைக்கு ஒற்றுமைபோலத் தோன்றும். ஆனால், பேசவேண்டியவர் பேசாதபோது குறைகூறும் உரிமை முழுவதும் தூற்றுவோரின் கைக்குப் போய்விடுகிறது. கெர்ப்ளாமின் பிழையை அவ்வாண்டின் நற்செயல்களைக் கொண்டே அளந்த இரசிகர் செய்தது இதற்கு நேர்மாறானது. உதாரணமாக, ஒக்டோபர் 21இல் ஒளிபரப்பான 'ரோசா' என்னும் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1955 டிசெம்பர் முதலாந் திகதி மொன்கொமறி நகரப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் இடத்தைவிட்டு எழ மறுத்த கதை அது. அங்கே எவரும், இனவாரியாக ஆசனம் பிரிக்கும் ஏற்பாட்டிற் பிழையில்லை, சாரதிதான் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறான் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாம் வெட்கித் தலைகுனிந்திருப்போம். அப்பேருந்துகளில் ஏற மறுத்து மக்கள் 381 நாள் நடந்தது, இனிய குணமுள்ள சாரதி வேண்டும் என்பதற்காகவன்று. ஒக்டோபரில் விளங்கிய உண்மை, பண்டகசாலைக்குள் நுழைந்தவுடன் நவம்பரில் ஏன் விளங்காமற் போயிற்று? நிறவெறியை எதிர்ப்பது கண்ணியமான நடுத்தர வர்க்கத்தின் இன்றைய பண்பாடாகிவிட்டது. பொதி நாளைக்கே வாசலுக்கு வந்துசேரவேண்டும் என்ற ஆசை அதே வர்க்கத்தின் பழக்கம். பண்பாட்டைவிடப் பழக்கத்தைக் கண்டிப்பது எழுத்தாளருக்குக் கடினமாயிருந்தது என்றே கருதுகிறோம். கதையில் டொக்டரே பொதி வந்ததைக் கண்டு துள்ளி மகிழ்கிறார். பார்க்கும் நம்மிற் பலருக்கும் அம்மகிழ்ச்சி அந்நியமானதன்று.

ஆகவே, 1976இன் ஏமாற்றத்தையும் 2018இன் ஏமாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கவியலாது. முன்னது, மேலே இருப்பவர் கீழே இறக்கிக் காட்டப்பட்டதால் எழுந்தது. பின்னது, கீழே இருப்பவரின் கை விடப்பட்டதால் எழுந்தது. இரண்டையும் இரசிகரின் முணுமுணுப்பு என்று ஒன்றாகக் கட்டி ஒதுக்குபவர், ஒரு பூசாரியின் கோபத்தையும் சாட்சியொருவனின் கோபத்தையும் வேறுபடுத்தத் தெரியாதவர்.

கதையின் முடிவில் முகாமையாளர் இருவரும் வருந்துகின்றனர். இனிமேல் மனிதத் தொழிலாளரே பெரும்பான்மையாக இருப்பர் என வாக்களிக்கின்றனர். பண்டகசாலை ஒரு மாதம் மூடப்படும். தொழிலாளர் யாவருக்கும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை வழங்கப்படும் என்றும் கூறுகின்றனர். எத்தனை நாள் விடுமுறை? இரண்டு வாரம். மற்ற இரண்டு வாரத்தின் சம்பளம் என்னவாயிற்று என்று டொக்டர் கேட்கவில்லை. இசை உயர்கிறது, எல்லாரும் புன்னகைக்கின்றனர். அக்கணக்கைக் கவனித்துக் கேட்டவர் இரசிகரே.

ஐந்து நாளின் பின், 2018 நவம்பர் 23, 'கறுப்பு வெள்ளி' எனப்படும் வியாபாரத் திருநாள். தொடரின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளும் அதுவே. அன்று பிரித்தானியாவில் அமேசன் பண்டகசாலைகள் சிலவற்றின் வாசலில் ஜி. எம். பி. தொழிற்சங்கத்தினர் கூடி, தாம் இயந்திரங்களல்லர் என்று எழுதிய பதாகைகளை ஏந்தினர். 2023 ஜனவரி 25இற் கொவென்றி நகரப் பண்டகசாலையில் அந்நிறுவனத்தின் பிரித்தானியத் தொழிலாளர் முதன்முறையாக முறைப்படி வேலைநிறுத்தம் செய்தனர். மணித்தியாலத்துக்கு 50 பென்ஸ் சம்பள உயர்வு தந்ததே அவர்களைக் கொதிக்கச் செய்தது. 2024 ஜூலையில் அங்கே சங்கத்தை அங்கீகரிப்பதற்கான வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக விழுந்தவை 49.5 வீதம், அரை வீதத்தாற் தோற்றனர். கந்தோக்காவின் பதினாயிரம் பேரிடையே ஒரு சங்கத்தையேனும் நாம் காணவில்லை. அவர்கள் இரண்டு வாரச் சம்பளத்துடன் இலவச விண்கலமேறி வீடு திரும்பினர்.